மருந்து விடாத மூன்றாம் குப்பி

மார்ச் 12, புதன்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மூன்றாம் குப்பியில் பூச்சிமருந்துத் துளியை விட மறந்து, வெறும் வெள்ளிக் கரைசலையே இயந்திரத்தில் வைத்துவிட்டேன். அளந்து முடித்த பிறகு, அந்தக் குப்பிக்கென்று தனியாகக் கலக்கி வைத்திருந்த மருந்தின் மூடி திறக்கப்படாமலே இருப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

என் மாலை வகுப்புத் திட்டம் இதுதான்: பழத்தோலில் மிஞ்சும் பூச்சிமருந்தை ராமன் நிறமாலையில் கண்டுபிடிப்பது. லேசர் பட்டதும் மருந்து சிதறடிக்கும் ஒளி மிக மங்கல். நானோ வெள்ளித் துகள்களோடு சேர்ந்தால் அது பல மடங்கு பெருகி, திரையில் 1380 என்ற இடத்தில் முகடாக எழும். மருந்து இல்லையென்றால் முகடும் இருக்கக் கூடாது.

இருந்தது. வழக்கமான உயரத்தில்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். எனக்கு அதுதான் பழக்கம். கையுறை மாற்றினேன். புதுக் குப்பி எடுத்து மறுபடி அளந்தேன். முகடு. பக்கத்து மேசைப் பெண்ணிடம் அவளுடைய வெள்ளிக் கரைசலைக் கொஞ்சம் வாங்கி, அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு குப்பியில் ஊற்றி அளந்தேன். தட்டையான கோடு. ஆக, மருந்து நான் காய்ச்சி வைத்திருக்கும் வெள்ளிக் கரைசல் புட்டிக்குள்ளேயே இருக்கிறது. புட்டி இருக்கும் அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று ஆய்வக உதவியாளரிடம். அவர் என் அக்காவின் கணவர்.

மாமா தொட்டியில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, என் புட்டியில யாராவது கை வெச்சாங்களா?"

"ஏன், குறைஞ்சிருக்கா?"

"கூடியிருக்கு."

குழாயை மூடினார். கையைத் துடைக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"ரெண்டே சொட்டும்மா. மூணு வாட்டி காய்ச்சினே, மூணு வாட்டியும் கருத்துப்போய் அடியில தங்கிடுச்சு. உன் மிஷின் நேரத்தை வேற யாருக்காவது குடுக்கறதா இருந்தார் உங்க சார். சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டவன் நான். என் மூஞ்சியை எங்கே வெச்சுக்கறது?"

"அதுக்கப்புறம் நான் காய்ச்சின ஒவ்வொரு புட்டியிலயுமா?"

"ரெண்டு ரெண்டு சொட்டுதானே."

"வெறுங்கரைசலைத் தினமும் அளக்க வேணாம், முதல் நாள் அளந்ததே போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

"மிஷின் நேரம் வீணாகுதுன்னு..." என்று ஆரம்பித்தவர் மறுபடி குழாயைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்தால், அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள். அப்போதே தெரிந்துவிட்டது, அவளுக்கும் தெரியுமென்று.

"தலகாணியில மூஞ்சியப் பொதச்சுக்கிட்டுக் கிடந்தேடி. பாக்க முடியாம நான்தான் ஏதாவது பண்ணுங்கன்னேன். தேறிட்டேல்ல, அப்புறமென்ன?"

"தேறினது நானா, மாமாவா?"

"வாயாடாதே. ஊரெல்லாம் சொல்லி அவர் வேலைக்கு உலை வெச்சுடாதே. இந்தச் சட்டையை அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை.

இப்போது பிப்ரவரிப் பக்கங்களைப் புரட்டினேன். ஐந்தாம் தேதி: 'கை வந்துவிட்டது. மருந்தை நூறு மடங்கு நீர்க்க வைத்தும் முகடு குறையவே இல்லை.' குறைந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஊற்றப் பால் நீர்க்கவில்லை என்றால் சின்னக் குழந்தைக்கும் சந்தேகம் வரும். எனக்குப் பெருமை வந்தது. அந்த வரைபடத்தை மாமா வீட்டுக்கு எடுத்து வந்து அக்காவிடம் காட்டினார். "என் மச்சினி கை தங்கக் கை, வெள்ளி வேலைதான் செய்யுது" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அதில் இரண்டு பேர் வேறெதற்கோ சிரித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஒரு புட்டிக்கு இரண்டு சொட்டுதான் என்றால், அதையே அவ்வளவு உயரமாகப் பெருக்கிக் காட்டிய என் வெள்ளி நல்ல வெள்ளி. எனக்குக் கை உண்மையிலேயே வந்திருக்கலாம். ஒரு குவளை ஊற்றியிருந்தால் வரவில்லை. எது என்று அவரிடம் கேட்கலாம். அவர் சொல்வதை இனி எப்படி நம்புவது? எனக்கு வராது என்று அவர்கள் என்னிடம் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு மறுபடி காய்ச்சியிருப்பேன். தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு, ஐந்து வாரம் என் தட்டில் பரிமாறிப் பாராட்டியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதிப்பீடு. பேசாமல் இருந்தால் தேறிவிடுவேன்.

நாளை: ஐந்தரை மணிக்கு, வகுப்புக்கு முன்பே சாரைப் பார்த்து, ஐந்து வார அளவுகளும் செல்லாது என்று சொல்ல வேண்டும். மருந்து எப்படி வந்தது என்று கேட்பார். மாமா என்று சொல்ல வேண்டும். (இந்த வரியை இரண்டு முறை அடித்து மறுபடி எழுதினேன்.) பிறகு புதிதாக வெள்ளிக் கரைசல் காய்ச்ச வேண்டும். ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, மருந்து விடாமல் முதலில் அளக்க வேண்டும்.