கதவு வைக்காத அறை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு தச்சர் தன் மனைவிக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் அலுவலக அறை கட்டிக் கொடுத்த கதையைச் சொல்கிறேன். அறை என்னவோ பத்தடிக்கு எட்டடிதான். அதைக் கட்டி முடிப்பதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவர் சமையலறை அலமாரி செய்கிறவர். அவர் மாட்டிய அலமாரியை மூடினால் சத்தமே கேட்காது, அப்படி ஒரு கை. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கும் வேலை. காகிதத்தில் இல்லை, வாயால். டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி என்றால் நடுவில் அவள் நிற்பாள். அப்படி இருபத்திரண்டு வருஷம் நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக்குள் அவளுக்குத் தலையில் ரத்தம் கட்டிக்கொண்டது. விழுந்தவள் கதவை ஒட்டியே விழுந்தாள். அது உள்பக்கம் திறக்கிற கதவு. செய்தவர் அவரே. ஈரத்தில் உப்பக்கூடாது, ஆடக்கூடாது என்று நல்ல காய்ந்த மரமாகப் பார்த்து, இரும்புத் தாழ் போட்டுச் செய்தது. அன்றைக்கு அது ஆடவே இல்லை. அவள் பின்னாலேயே கிடந்ததால் ஓங்கி உடைக்கவும் பயம். மேல் பலகையை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே இறங்கினார். அதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில், "விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்கள். சொன்னார். எழுதிக்கொண்டார்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அவள் பிழைத்தாள். இடது கையும் இடது காலும் பாதிப் பாதி வேலை செய்தன. பேச்சு மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் திரும்பி வந்தது. ஏழு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை, எட்டாவது மாதம் அவளுடைய மேலாளர் அம்மா கூப்பிட்டார்.

"வீட்டிலிருந்தே ஃபோன்ல செய்யலாம். ஆனா தனி அறை வேணும். கதவு இருக்கணும், உள்ளே தாழ் இருக்கணும், பேசுறது ஒரு சொல் வெளியே போகக்கூடாது. இன்னியிலிருந்து ரெண்டாவது திங்கட்கிழமை வீடியோவில பார்ப்பேன். அன்னிக்கு அறை இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. என் கையில எதுவும் இல்லம்மா."

அவள் ஃபோனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார்.

பின்கட்டில் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தார். அவருடைய அக்கா வரும்போதெல்லாம் அங்கேதான் படுப்பார். அப்போதும் வந்து தங்கியிருந்த அந்த அம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நாற்காலிக்கு இடம் இருக்கு, மேசைக்கு இடம் இருக்கு, கூடப் பிறந்தவளுக்குத்தான் இடம் இல்லை. நல்லா இருடா தம்பி," என்றார். ஆனால் சொன்ன கையோடு முந்தானையைச் செருகிக்கொண்டு ஒட்டடை அடித்தவரும் அவர்தான்.

தச்சர் முதலில் மேசையை அளக்கவில்லை, மனைவியை அளந்தார். ஒரு முக்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து உயரம் பார்த்தார். மேசை அந்த உயரம்தான், அரை அங்குலம் கூடவுமில்லை. பிறகு ஒரு பலகையை அவள் முன்னால் வைத்து, வலது கையில் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்தார்.

"சாயாம, எட்டாம, கை தானா எங்கே வரைக்கும் போகுதோ அங்கே கோடு போடு."

அவள் போட்டாள். பாதி நிலா மாதிரி ஒரு வளைவு வந்தது.

"இந்தக் கோட்டுக்கு வெளியே உனக்கு எந்தச் சாமானும் இருக்காது," என்றார்.

அப்படியே செய்தார். இழுப்பறை வலப்பக்கம், விளக்கின் சுவிட்சு வலப்பக்கம், காதில் மாட்டும் கருவிக்கு வலப்பக்கம் ஒரு கொக்கி. பென்சில் உருண்டு விழாதபடி மேசை விளிம்பில் மெல்லிய சட்டம். கணினித் திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாமலிருக்க ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டார். கடைக்காரர் சக்கரம் வைத்த நாற்காலியைக் காட்டியபோது, "அவ கால் ஊன்றதுக்குள்ள நாற்காலி தெருவுக்குப் போயிடும்," என்று சொல்லி, நாலு காலும் நிலையாக நிற்கிறதை வாங்கி முதுகுக்கு அணை தைத்தார். இடது காலுக்கு ஒரு சாய்வுப் பலகை. சுவரெல்லாம் கனமான கம்பளித் துணி ஒட்டினார், குரல் எதிரொலிக்காமல் இருக்க. அக்கா உள்ளே போய், "ராஜா வீட்டுத் தங்கப்பெட்டி மாதிரி இருக்கு. நானும் பேசாம ஒரு வேலை தேடிக்கிறேன்," என்றார்.

எல்லாம் வந்தது, கதவு வரவில்லை.

பழைய கதவு இற்றுப்போயிருந்தது என்று முதல் நாளே கழற்றி எறிந்தவர், புதுசைப் பற்றிக் கேட்டால் மரம் காயவில்லை என்றார். மறுநாள் கீல் சரியில்லை என்றார். அதற்கு மறுநாள் தடித்த திரைச்சீலை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "இதுவே போதுமே, காத்தோட்டமா இருக்கும்," என்றார். ஊருக்கெல்லாம் கதவு மாட்டுகிற மனிதர். மனைவி திரைச்சீலையைப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை முற்பகல் மேலாளர் அம்மா அவசரமாகக் கூப்பிட்டார். உங்கள் மொழி தெரிந்தவர் இன்றைக்கு வேறு யாரும் இல்லை, டாக்டர் காத்திருக்கிறார், அறை தயாரா என்று கேட்டார். கணவர் கடைக்குப் போயிருந்தார். அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மனைவி ஒரு கணம் யோசித்தாள். எட்டு மாதம் ஆகிவிட்டது, கண்ணுகளா, தன்னை ஒருத்தர் வேண்டும் என்று கூப்பிட்டு.

"தயார்," என்றாள்.

கடை பூட்டியிருந்ததால் தச்சர் பாதியில் திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கட்டுக்கு வந்தவர் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார். உள்ளே மனைவியின் குரல் கேட்டது. டாக்டர்களின் மொழியில் பேசினாள், அந்த மொழி அவருக்கும் தெரியும்.

"ஈரலுக்குப் பரவிடுச்சுன்னு எனக்குப் புரியுது டாக்டர். எவ்வளவு நாள்னு நான் கேக்கல." எதிர்ப்பக்கத்துக் குரல் அவள் காதுக் கருவியோடு நின்றுவிட்டது. பிறகு அதே குரல். "ஒரே ஒரு உதவி. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லாதீங்க. அவர் ஏற்கெனவே பாதி ஆளா இருக்கார். இதை அவர் தாங்க மாட்டார்."

தச்சர் வந்த சுவடு தெரியாமல் முன்னறைக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். எங்கே போனார் என்று அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. மனைவி தண்ணீர் எடுக்க எழுந்தால் இவர் ஓடினார். சாப்பாட்டைப் பிசைந்து வைத்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார், போர்வை கொண்டுவந்து மடியில் போட்டார்.

"ஏங்க, எனக்குக் குளிரலையே," என்றாள்.

"இருக்கட்டும்."

அக்கா எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "கல்யாணமான புதுசுல கூட இவன் இப்படிக் கவனிச்சதில்லை. என்னடா தப்புப் பண்ணின, சொல்லிடு," என்றார். அவர் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்திலிருந்தும் சிரிப்பு போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி, கைத்தடியை ஊன்றி, அவர் பட்டறையாக வைத்திருந்த பின்வாசல் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"நாளை மறுநாள் திங்கக்கிழமை. எனக்குக் கதவு வேணும்."

"வேலை எதுக்கு இனிமே? இருக்கிற நாள் நிம்மதியா என்கூட இரு."

"இருக்கிற நாள்னா?"

அவர் மரம் சீவிக்கொண்டிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தார். கையில் ஒட்டிய மரத்தூளைத் துடைத்துக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார். "ஈரல் வரைக்கும் போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும்மா. நீ சொல்ல வேண்டாம்னு சொன்னதும் தெரியும். நான் தாங்கிக்குவேன். நீ தனியா வச்சுக்காதே."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது.

"அது நான் இல்லங்க."

"நீ அப்படித்தான் சொல்லுவே. டாக்டர்கிட்டயே அப்படித்தானே கேட்டே."

"எங்க வேலையோட முறை அதுங்க. 'அவங்க இப்படிச் சொல்றாங்க'ன்னு நாங்க சொல்லக்கூடாது. அவங்க நான்னு சொன்னா நானும் நான்னுதான் சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

இருபத்திரண்டு வருஷமாக அவள் என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும், எப்படிச் செய்கிறாள் என்று தெரியாது. ஆஸ்பத்திரி விஷயத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. அவர் அவளையே பார்த்தார். நம்பவேண்டும் என்று ஆசை, நம்பப் பயம்.

அவள் ஒரு மரக்கட்டையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "சரி. நீங்க எதையாவது சொல்லுங்க. நான் டாக்டருக்குச் சொல்றேன்."

"என்னத்தைச் சொல்ல?"

"ஏன் கதவு போடலைன்னு சொல்லுங்க."

அவர் ஒரு மரச்சுருளை எடுத்து விரலில் சுற்றினார். பிறகு, "கதவு போட எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, டாக்டர்களின் மொழியில் சொன்னாள். கதவு போட எனக்குப் பயமாக இருக்கிறது.

"அந்தக் கதவு நான் செஞ்சது."

அந்தக் கதவு நான் செய்தது, என்றாள்.

"உள்பக்கம் திறக்கிற மாதிரி வச்சேன். அவ உள்ளே முனகுறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. என் வேலை அவ்வளவு உறுதி. இருபது நிமிஷம் என் வேலையே என்னை உள்ளே விடல."

அவள் குரல் இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் வலியை அவர் காதாலேயே, அவள் வாயிலிருந்து கேட்டார். 'அவ' என்று அவர் சொன்னதைக்கூட அவள் 'அவள்' என்றே சொன்னாள், யாரோ ஒரு பெண்ணைப் பற்றி என்பது போல.

"அந்தக் கை போனது என்னால."

அவள் அதையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"எட்டு மாசமா இதை வச்சுக்கிட்டா என் பக்கத்துல படுத்திருந்தீங்க?"

அவர் தலையாட்டினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே பேசினாள். "தாழ் போட்டது நான். நல்ல கதவா இருக்கணும்னு கேட்டதும் நான். அதை விடுங்க. நீங்க கேட்டது வேற ஒருத்தியோட உயிர். யார்கிட்டயும் சொல்லாதேன்னு அழுதவளோட பேச்சு நம்ம வீட்டுக் கூடத்துல கிடக்குது, அறை தயார்னு நான் பொய் சொன்னதால. திங்கக்கிழமை அந்த அம்மாகிட்ட இதை ஒத்துக்கப்போறேன். ஆனா கதவு இல்லாத அறையைக் காட்டிக்கிட்டு ஒத்துக்க மாட்டேன்."

தச்சர் எழுந்து பலகைகளைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை நடந்தது. கதவு வெளிப்பக்கம் திறப்பதாக அமைத்தார். கீலின் ஊசிகள் வெளியே இருந்தன, தட்டினால் கழன்றுவிடும்படி. உள்ளே தாழும் போட்டார். மாட்டி முடித்ததும் மனைவியை உள்ளே உட்காரவைத்துத் தாழ் போடச் சொன்னார். அக்காவின் கையில் கடிகாரத்தைக் கொடுத்தார். சுத்தியால் மூன்று ஊசியையும் தட்டி எடுத்துக் கதவைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஐம்பது விநாடி," என்றார் அக்கா.

மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். நாற்பத்திரண்டு. நாலாவது தடவை உள்ளேயிருந்து மனைவி, "போதுங்க, எனக்குத்தான் மூச்சு வாங்குது," என்றாள். அக்கா கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "திருடன் கூட இவ்வளவு வேகமா வரமாட்டான்," என்றார்.

திங்கட்கிழமை மேலாளர் அம்மா அறையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார், கம்பளிச் சுவரைப் பார்த்தார், தாழைப் போட்டுக் கதவைத் தள்ளிக் காட்டச் சொன்னார். பிறகு மனைவி வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னாள். திரையில் அந்த அம்மாள் முகம் இறுகியது. கடிதம் எழுதிக் கொடுக்கவேண்டும், இரண்டு வாரம் வேலை கிடையாது, இன்னொரு முறை என்றால் அவ்வளவுதான் என்றார். மனைவி சரி என்றாள். இரண்டு வாரம் கழித்துக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தாழைப் போட்டாள்.

வெளியே தச்சர் நின்றார். அவர் செய்த வேலை சுத்தமான வேலை ஆயிற்றே, ஒரு சத்தமும் வரவில்லை. அவள் பேசுகிறாளா, சாய்ந்து கிடக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. கையில் சுத்தி இருந்தது. நாற்பது நிமிஷம் நின்றார். ஒரு தடவை முதல் ஊசி மேல் சுத்தியை வைத்துக்கூடப் பார்த்தார், தட்டவில்லை. தாழ் விலகியது. மனைவி வந்தாள், குறிப்பெழுதிய தாள்களை நாற்காலியில் இருந்தபடியே கிழித்துப் போட்டுவிட்டு, கைத்தடியைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாமல்.

"அன்னிக்குப் பேசின அந்த அம்மா," என்றார் அவர், தயங்கி. "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாங்களா?"

அவள் அவரைக் கனிவாகப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள். அவருக்கும் புரிந்தது. சுத்தியை வைத்துவிட்டு அவளுக்குத் தேநீர் போடப் போனார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக மட்டும் மனசுக்குள் வேண்டிக்கொள்வார், வேலை நடுவே, இழைப்புளியை நிறுத்திவிட்டு.

அவ்வளவுதான், என் செல்வங்களே. பத்திரமாக வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் உழைக்கிற கைக்கு எட்டுகிற இடத்தில் எல்லாம் இருக்கட்டும். படுத்தவர் எழுந்து நடக்கட்டும். பக்கத்தில் படுப்பவரின் பாரம் உங்களுக்குக் கேட்கட்டும், கேட்கக்கூடாதது உங்கள் காதுக்கு வராமலே போகட்டும். பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து வாழுங்கள்.