முன் மேசை முகம்

என் அக்கா ஒரு டைல்ஸ் கடையின் முன் மேசையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களைப் பார்த்து முதலில் சிரிக்கிற வேலை. சேர்வதற்கு ஒரு பட்டமும் ஒரு நேர்காணலும் கேட்டார்கள். நீடிப்பதற்குக் கன்னத்தைக் கேட்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தாடையோரம் பருக்கள் கிளம்பின. மேலாளர் கூப்பிட்டு, நாம் விற்பதே வழவழப்புதான், வாசலிலேயே மேடு பள்ளத்தைக் காட்டினால் வியாபாரம் எப்படி ஓடும் என்று கேட்டிருக்கிறார். முகம் சரியாகும் வரை கிடங்கில் சரக்கு சரிபார்க்கச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டார். வேலை நிரந்தரமாகும் பேச்சும் அவள் கூடவே படியிறங்கிப் போய்விட்டது.

வீட்டில் உடனே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. போன் பார்க்கிற சூடு என்றார் அப்பா. வறுத்ததையே தின்கிறாள் என்றாள் அம்மா. வந்திருந்த அத்தை, "மனசுல யாரோ இருக்காங்க, அதான் முகத்துல எட்டிப் பாக்குது" என்றாள். அதுவரை பேப்பருக்குள் இருந்த அப்பா அப்போதுதான் தலையை வெளியே எடுத்தார். காய்ச்சல் வந்தவனை யாரும் இப்படிக் கூண்டில் ஏற்றுவதில்லை. பரு வந்தவளுக்கு மட்டும் ஊரே வக்கீல், அத்தனை பேரும் எதிர்க்கட்சி வக்கீல்.

கிடங்கில் தும்மினால் தூசி எழும்பும். அங்கே முகம் இன்னும் கெடும் என்றுதான் நினைத்தோம். தெளிந்துவிட்டது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த களிம்பின் மகிமை என்று முடிவு செய்து, போன பருவுக்கு எதற்குக் களிம்பு என்று அதையும் நிறுத்தினாள். மேலே கூப்பிட்டார்கள். குளிர்சாதன அறையில், கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் பரு திரும்பி வந்தது. மறுபடி கிடங்கு, மறுபடி தெளிவு, மறுபடி மேசை, மறுபடி பரு. அந்தக் கடையில் லிஃப்ட் இல்லாத குறையை என் அக்கா தீர்த்துவைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா பருவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: மேலே உட்காரும்போது முகத்தில் என்ன பூசுகிறாய்? அக்கா சொன்னாள். கடையே ஒரு டப்பா பூச்சு வாங்கி வைத்திருக்கிறது. முன்னால் நிற்கிற பெண்கள் எல்லாரும் அதைக் கெட்டியாகப் பூசித்தான் நிற்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே பஞ்சு. அந்தப் பஞ்சு தண்ணீரைப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பூச்சைத்தான் அவள் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்து எடுப்பாள்.

"வெளிய தெரியற பரு போனா எல்லாம் போச்சுன்னு நினைச்சுடறீங்க. அடுத்தது உள்ள அடைச்சுக்கிட்டு ரெடியா உக்காந்திருக்கும்மா" என்றார் மருத்துவர். அந்த அடைப்புக்கு மேல் எண்ணெய்ப் பூச்சை அப்பினால் இன்னும் அடைக்கும், தேய்த்தால் புண்ணாகும், கிள்ளினால் தழும்பாகும். காலையும் மாலையும் மென்மையாகக் கழுவினால் போதும். அவர் எழுதித் தருகிற மருந்தை, பருவின் தலையில் மட்டும் பொட்டு வைக்காமல், வழக்கமாக வருகிற இடம் முழுக்க லேசாகத் தடவ வேண்டும். பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். தெளிந்த பிறகும் விடக்கூடாது. அப்படியும் மாதவிடாயை ஒட்டி ஒன்றிரண்டு வரும், அது அவள் செய்த குற்றம் இல்லை. கடைசி வாக்கியத்தை மட்டும், வீட்டில் அத்தையிடம் ஒப்பிப்பதற்காக, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அக்கா என் காலை மிதித்தாள்.

மறுபடி மேசைக்குக் கூப்பிட்ட அன்று வெறும் முகத்தோடு போனாள். தாடையில் இரண்டு பரு, பழைய தழும்பு கொஞ்சம். வண்டியில் கொண்டுபோய் விட்ட நான், டைல்ஸ் பார்க்கிற மாதிரி உள்ளேயே நின்றுகொண்டேன்.

மேலாளர் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "பூசிக்கோம்மா. இல்லன்னா கீழ போ."

"கீழ போனா சரியாகுது சார், மேல வந்தா வருது. அப்ப கோளாறு என் முகத்துலயா, இந்த டப்பாலயா?"

"அது எனக்குத் தெரியாது. முகம் ஒரே நிலையா இருந்தாத்தான் நிரந்தரம் பண்ண முடியும்."

"ஒரே நிலையா இருக்கற முகம் மாலை போட்ட போட்டோல இருக்கும் சார். நான் உயிரோடதானே வேலைக்கு வந்திருக்கேன்."

நான் பார்க்கிற சாக்கில் கையில் எடுத்திருந்த டைல்ஸ் துண்டைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள், வீடு கட்டுகிறவர்களுக்கே உரிய தூக்கமில்லாத கண்களோடு. அக்கா எழுந்து, குளியலறைக்கா சமையலறைக்கா என்று கேட்டாள். வந்த பெண் அக்காவின் முகத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வழுக்காதது வேண்டும், மாமியாருக்கு முழங்கால் சரியில்லை என்றாள். அக்கா அவர்களைச் சுவரோரம் அழைத்துக்கொண்டு போனாள்.

மேலாளர் என்னிடம் வந்து, தம்பிக்கு என்ன வேணும் என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது உண்மை. அன்று மாலை வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளைக் கீழே போகச் சொல்லி ஒருவரும் வரவில்லை.