முதுகு பருத்த விமானம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். விமானத்தைப் பற்றி யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் சாமி வந்தவன்போல ஆடிவிடுவேன். பிழைக்க வந்த மலையாளச் சீமையில், பழவங்காடித் தெருவில் வன்னியபெருமாளின் வாட்ச் ரிப்பேர் கடையில் சாயங்காலம் கூடுகிற நாங்கள் மூன்று பேரும் சண்டை போடாத நாள் குறைவு. சொத்துத் தகராறு இல்லை, அரசியல் இல்லை. போர் விமானத்தின் இறக்கை எத்தனை அடி, வால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். எதிரே பூ விற்கிற ஜெயபாய், "மூணு பேருக்கும் முழுப் பிராந்து", அதாவது பைத்தியம், என்று மலையாளத்தில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

வன்னியபெருமாள் விமானப்படையில் பதினெட்டு வருஷம் மீட்டர், டயல் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றபின் வாட்ச் பழுது பார்க்கிறார். நான் அழகியநம்பி, திருநெல்வேலிக்காரன். ஓர் அச்சகத்தில் பிளாக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிளாக் என்றால் படம் அச்சடிக்கிற உலோகத் தகடு. விமானத்தை நான் கையால் தொட்டதே கிடையாது. லைப்ரரியில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி, எந்த மாடல், எந்த வருஷம், எதை மாற்றினான் என்று நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். மூன்றாமவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி. சொந்த ஊர் சுசீந்திரம், சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளை. அவருடைய ஒரே பிள்ளை தாணுமாலையன் விமானப்படையில் பைலட். மிக் இருபத்தொன்று ஓட்டுகிறவன். அவனுக்காகத்தான் அவர் எங்களோடு வந்து உட்கார ஆரம்பித்தார். பிள்ளை என்னதான் ஓட்டுகிறான் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை.

அந்த விமானத்தைப் பார்த்தால் அழகா, அவலட்சணமா என்பதிலேயே எங்களுக்குள் ஒத்துப்போகாது. "பென்சிலுக்கு ரெக்கை வச்ச மாதிரி இருக்கு வே, இதுல என்ன அழகு?" என்பார் வன்னியபெருமாள். ரஷ்யாக்காரன் வரைந்தது, நாசிக்கில் நம் ஆள் செய்தது, அப்படியானால் அது எந்த ஊர் விமானம் என்று ஒரு வாரம் ஓடியது. அண்ணாச்சி மட்டும், "எந்த ஊரா இருந்தா என்ன தம்பி, ஒழுங்கா இறங்குமா?" என்று கேட்பார். நாங்கள் இருவரும் மறுபடி இறக்கைக் கணக்குக்குப் போய்விடுவோம்.

ஒரு முறை நான் நன்றாக மூக்கறுபட்டேன். மிக்கின் மூக்குக் கூம்பு அசையாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். வன்னியபெருமாள் அமைதியாக, "வேகத்துக்குத் தக்கபடி முன்னே பின்னே போகும் வே. இந்தக் கையால நூறு தடவை டெஸ்ட் பண்ணியிருக்கேன். புத்தகத்தை மூடிவச்சிட்டு ஒரு நாள் விமானத்தைப் போய்ப் பாரும்" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஜெயபாய்கூடச் சிரித்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த வாதத்தில் இந்த ஆளை மண்ணைக் கவ்வ வைக்காவிட்டால் என் பெயர் நம்பி இல்லை என்று வீட்டில் போய் மனைவி சீதாலக்ஷ்மியிடம் கத்தினேன். அவள் சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. எண்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். காலை பத்து மணி இருக்கும். ஆறுமுகநயினார் அண்ணாச்சி தோளில் ரெக்சின் பையோடு கடைக்குள் வந்தார். கையில் அன்றைய மலையாளப் பேப்பர். முகத்தில் ரத்தம் இல்லை.

"நம்பி, இதைக் கொஞ்சம் பாரு."

முதல் பக்கத்தில் கீழே செய்தி. பயிற்சியின்போது மிக் ரகப் போர் விமானம் ஒன்று நேற்றுக் காலை விழுந்துவிட்டது. பைலட் குதித்துவிட்டார், ஆனாலும் தீக்காயம், ராணுவ ஆஸ்பத்திரியில் கவலைக்கிடம். பெயர் போடவில்லை. ஊர் பெயர் இருந்தது. தாணுமாலையன் இருக்கிற அதே விமானதளம். பக்கத்தில் ஒரு விமானத்தின் படம்.

"ஒரு மணிக்கு வண்டி. ஏறினா செவ்வாய்க்கிழமை காலைல அங்கே எறங்கலாம். இவகிட்ட கடை வேலையா போறேன்னுதான் சொல்லியிருக்கேன். அவளுக்கு பிரஷர் உண்டும் பார்த்தியா" என்றார். இவள் என்றது மனைவி சரஸ்வதியம்மாளை.

எனக்கும் பயம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் கண் படத்துக்குப் போய்விட்டது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. விமானியின் கூண்டுக்குப் பின்னால் வால் வரைக்கும் முதுகு பருத்து, கொழுத்துக் கிடந்தது. பழைய மாடலுக்கு முதுகு ஒல்லி. கூடுதல் எண்ணெய் பிடிப்பதற்காக ரஷ்யாக்காரன் பின்னால் வந்த மாடலில்தான் முதுகை உயர்த்தினான்.

"அண்ணாச்சி, தாணு ஓட்டுறது பழசுதானே?"

"பழசுதான். லீவுல வந்தப்ப அவன்தான் சொன்னான். புதுசா வந்தவங்க முதல்ல அதுலதான் பழகணுமாம். அங்கே ரெண்டு ஸ்குவாட்ரன், ரெண்டு விமானப் பிரிவு. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு."

"அப்பப் பையை எறக்கி வையும். இது புதுசு. விழுந்தது அடுத்த ஸ்குவாட்ரன் விமானம். உம்ம பையனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

வன்னியபெருமாள் கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுத்தார். பேப்பரை வாங்கிப் பார்த்தார். "முதுகு புதுசுதான்" என்றார். பிறகு, "படம் கிடக்கட்டும் அண்ணாச்சி. ஊரு ஒண்ணுதானே? நீரு போயிட்டு வாரும். ஒண்ணும் இல்லேன்னா பையனைப் பார்த்துட்டுத் திரும்பி வாரும். என்ன நஷ்டம்?" என்றார்.

அங்கேதான் எனக்குச் சனியன் பிடித்தது. முதுகு புதுசு என்று ஒத்துக்கொண்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"போயிட்டு வாரும்னு சுலபமாச் சொல்லிட்டீர். பேப்பர்ல பேர் வராத விபத்துக்கு அப்பன் பையைத் தூக்கிட்டு கேட்ல போய் நின்னா, கூட இருக்கிற ஆபீசரெல்லாம் அந்தப் பையனைக் கேலி பண்ண மாட்டானா? அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சு பிரஷர் ஏறினா நீரா பார்ப்பீர்?"

"ஒரு ட்ரங்க் கால் போட்டுக் கேட்டா என்ன?" என்றார் அண்ணாச்சி மெதுவாக.

"ராணுவ இடம் அண்ணாச்சி. கேட்டா சொல்லுவானா? அவனுக்கு ஏதாவதுன்னா முதல் தந்தி உமக்குத்தானே வரும்? வரலையே!"

"படம் வேற விமானமா இருந்தா?" என்று வன்னியபெருமாள் கேட்டார்.

"ஓய், நான் பிளாக்கோட பொறண்டு கிடக்கிறவன். பேப்பர்ப் படத்தைப் பத்தி எனக்குப் படிப்பிக்க வேண்டாம். மனசிலாச்சா?"

லென்ஸை வாங்கி நானும் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். லென்ஸில் அச்சுப்படத்தைப் பார்த்தால் வெறும் புள்ளிகள்தான் தெரியும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ரொம்ப நேரம் பார்ப்பதுபோல் பார்த்து, "சந்தேகமே இல்லை" என்றேன். அண்ணாச்சி என் முகத்தையும் வன்னியபெருமாள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நம்ப ஆசையாக இருந்தது. பையைத் தரையில் வைத்தார். ஒரு மணி வண்டி போய்விட்டது.

திங்கட்கிழமை காலை அச்சகத்தில் எங்கள் வாரப் பத்திரிகைக்கு, அம்மன் கோயிலில் பெண்கள் பொங்கலிடுகிற பொங்காலைச் செய்தி அச்சாக வேண்டியிருந்தது. "படம் ஏதாவது எடுத்து வையும்" என்று மேனேஜர் சொன்னார். மர இழுப்பறையைத் திறந்து, வழக்கமான பிளாக்கை எடுத்தேன். ஒரு பெண் பானையில் அரிசி இடுகிற படம். மூன்று வருஷமாக அவள்தான் பொங்காலை இடுகிறாள். பக்கத்திலேயே வெள்ளத்துக்கு ஒரு பிளாக். எந்த ஊரில் எந்த வருஷம் வெள்ளம் வந்தாலும் அதே மூழ்கின குடிசை. ரயில் விபத்துக்கு ஒன்று. தீ விபத்துக்கு ஒன்று.

கை அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்குச் சனிக்கிழமை ராத்திரி அச்சேற வேண்டும். வடக்கே ராணுவ இடத்தில் விழுந்த விமானத்தை எவன் படம் எடுத்து, எப்படி அதற்குள் இங்கே அனுப்புவான்? அதுவும் விழுந்து நொறுங்கிய விமானம் முதுகு முழுசாக, பளபளவென்று எப்படி நிற்கும்? இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒரு மிக்கை எடுத்து ஒட்டியிருக்கிறான். தினமும் நான் செய்கிற அதே வேலை. ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

பத்தரை மணிக்கெல்லாம் பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பழவங்காடிக்கு வந்தேன். ஒரு மணி வண்டிக்கு நேரம் இருந்தது. சத்தியமாகச் சொல்லிவிடத்தான் வந்தேன்.

கடையில் ஆறுமுகநயினார் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தார். நெற்றி நிறைய சந்தனம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லேன்னா நான் பைத்தியக்காரன் மாதிரி ஓடியிருப்பேன் தம்பி. ராத்திரி நல்லா உறங்கினேன்" என்று ஒரு தேங்காய்ச் சில்லை என் உள்ளங்கையில் வைத்தார். வன்னியபெருமாள் தலையை நிமிர்த்தி, "செரி வே. தந்தியும் வரல்லை. நீரு ஜெயிச்சீர்" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் ஆறு வருஷமாக எதிர்பார்த்திருந்தேன்.

நான் தேங்காயைத் தின்றேன்.

ஒருவேளை புதுப் படமாகவே இருக்கலாம், படம் பழசானாலும் விழுந்தது வேறு பையனாக இருக்கலாம், நாளைக்குச் சொன்னால் போயிற்று. இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணி ஒன்று அடித்தது. அடித்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சண்டாளன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் மூவரும் கடையில் இருக்கும்போது, சுசீந்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சொரிமுத்து என்பவர் விசாரித்துக்கொண்டு அங்கே வந்தார். அண்ணாச்சியின் சொந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். தாணுமாலையன் வேலையில் சேர்ந்தபோது கொடுத்த விலாசம் அந்தச் சுசீந்திரம் வீடு. அது பூட்டிக் கிடக்கிறது. தந்திச் சேவகன் அங்கே போய்த் தட்டித் தட்டிப் பார்த்து, திங்கட்கிழமை சாயங்காலம் தந்தியை இவர் கையில் கொடுத்திருக்கிறான். உடனே புறப்பட்டு வரவும் என்று இருந்தது. அண்ணாச்சி வீட்டிலும் சொல்லாமல், பையும் எடுக்காமல், போட்டிருந்த சட்டையோடு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அவர் போனபின் வன்னியபெருமாள் என்னைப் பார்த்தார். "படம்?"

"பழைய பிளாக்கா இருக்கும்."

"எப்பத் தெரியும்?"

"இப்பத்தான் தோணிச்சு" என்றேன்.

பதினாறு நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஆறுமுகநயினார் அண்ணாச்சி கடைக்கு வந்தார். தலை மொட்டை. வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். வன்னியபெருமாள் கையில் இருந்த வாட்சைக் கீழே வைத்தார். அண்ணாச்சியே பேசினார்.

"வியாழக்கிழமை காலைல போய்ச் சேர்ந்தேன். கொடி போர்த்தி வச்சிருந்தாங்க. இடுப்புக்குக் கீழேதான் தீ. முகத்துல ஒரு கீறல் கிடையாது, பார்த்துக்கோ. அப்பா வந்தாச்சா வந்தாச்சான்னு கேட்டுட்டே இருந்தானாம். எங்க அப்பா பேப்பரைப் பார்த்ததும் அன்னைக்கே வண்டி ஏறிடுவாரு, செவ்வாய்க்கிழமை காலைல இங்கே இருப்பாருன்னு அவனே கணக்குச் சொன்னானாம். செவ்வாய்க்கிழமை விடிஞ்சதும் நர்ஸைக் கூப்பிட்டு ஷேவ் பண்ணிவிடச் சொல்லி, தலை சீவிவிடச் சொல்லி, வாசலைப் பார்த்துட்டே கிடந்தானாம்."

என் பக்கம் திரும்பினார். "சட்டைப் பையிலேயே மடிச்சுக் கிடந்த அந்தப் பேப்பரை அங்கே ஒரு ஆபீசர்கிட்டே காட்டினேன். நீ சொன்னது சரிதான் தம்பி. படத்துல உள்ளது புது மாடல்தானாம்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் கோபமே இல்லை. இனியும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று, "அண்ணாச்சி, எனக்குத் திங்கட்கிழமை காலையிலேயே தெரியும். அது பழைய படம்னு தெரிஞ்சு சொல்லத்தான் ஓடி வந்தேன். நீங்க தேங்காய் தந்தீங்க. சொல்லல்லை" என்றேன். அழுதேன்.

அவர் விரலை மடக்கினார்.

"திங்கக்கிழமை ஒரு மணி வண்டி. செவ்வாய். புதன்கிழமை காலைல எட்டு மணி." விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நல்ல நினைவோட பேசிட்டு இருந்தான்னு சொன்னாங்க."

எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, கிழக்கே கோட்டை பக்கமாக நடந்து போனார். நான் தேம்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வன்னியபெருமாள் மேசையில் கிடந்த வாட்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தார். மணி ஐந்துகூட ஆகவில்லை, தெரு முழுக்க வெயில்.

"எறங்கும்" என்றார். "கடையைச் சாத்தணும்."