பதினொன்று இருபதுக்கு வரும் காற்று

"கடல்காத்த யாரும் கூப்பிடணுமா சார், இல்ல தானா வருமா?"

"தானா வரும். வெயில் ஏறுனா தரை சூடாவும். தரைய ஒட்டி இருக்க காத்து சூடாயி, லேசாயி, மேல எழும்பிரும். கீழ எடம் காலியாவுதுல்லா, அதுக்குக் கடல்ல இருந்து குளுந்த காத்து உள்ள வரும்."

"அப்ப சூடு மட்டும் போதும்ங்கீங்க."

"சூடு போதும்."

"சில பேரு எம்புட்டு சூடு ஏறுனாலும் நின்ன எடத்த விட்டு நகர மாட்டுக்காங்களே சார்."

சங்கரபாண்டியன் குனிந்து திருகாணியை முறுக்கினான். காது இரண்டும் மட்டும் சிவந்தன.

மொட்டை மாடியில் அவனோடு நடந்த இந்தப் பேச்சை இந்துமதி ஒரு வார்த்தை பிசகாமல் நினைவில் வைத்திருந்தாள். அது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவன் இன்னும் நகரவில்லை.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் அவன். கடற்காற்றைப் பற்றி ஆராய்ச்சி. அதற்காக மூன்று வருடம் முன்பு தருவைகுளத்துக்கு வந்து, கடலைப் பார்த்த வீடாகத் தேடி, கருவாட்டு வியாபாரி ஆவுடையப்பனிடம் மாடியில் ஒரு காற்றுமானி நட இடம் கேட்டான். அவர் சரி என்றார். அன்று மோர் கொண்டுவந்து கொடுத்தது அவர் மகள் இந்துமதி.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தான். சில சனிக்கிழமைகளில் ஆவுடையப்பன் முன்னால் போய் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும்" என்பான். கதவுக்குப் பின்னால் இந்துமதி மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

"கேளும்."

"மாடியில... இன்னொரு கம்பி நட்டுக்கிடட்டுமா?"

இப்படித்தான் மழைமானி வந்தது. வெயிலை அளக்கும் கண்ணாடிக் குமிழ் வந்தது. மேகத்தைப் படம் எடுக்கும் கேமரா வந்தது. மொத்தம் ஏழு கம்பிகள். முதல் கம்பி ஆராய்ச்சிக்கு. மற்ற ஆறும் எதற்கு என்று இந்துமதிக்குத் தெரியும். ஆவுடையப்பனுக்குத் தெரியாது. "என்ன தம்பி, அடுத்தாப்ல பிளேன் எறக்கப் போறீரோ?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவிடம் அவளே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு கம்பிக்கு வாய் திறந்தவன் எட்டாவதாக ஒரு வாக்கியத்துக்கும் திறக்கட்டும் என்ற பிடிவாதம் அவளுக்கு.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வர ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில்தான் அப்பாவின் கருவாட்டுக் களம். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். வாசனையும் அதோடு போய்விடும். வெயில் ஏறி, கடற்காற்று திரும்பி அடிக்கும்போது அத்தனை சாளையும் வாளையும் நேராகக் கூடத்துக்குள் வரும். முதலில் வந்த கூட்டம் அந்த நேரத்தில் அகப்பட்டுக்கொண்டு, காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனது. நாற்பது வருடமாக அந்த வாசனையிலேயே இருக்கிற ஆவுடையப்பனுக்குக் காரணம் பிடிபடவில்லை. வாஸ்து சரியில்லை என்று வாசல்படியை இடித்துக் கட்டினார்.

இரண்டாவது கூட்டம் வருவதற்குள் இந்துமதி விவரமாகிவிட்டாள். பங்குனியில் காற்று திரும்பும் நேரத்தைச் சங்கரபாண்டியனிடமே கேட்டு வைத்துக்கொண்டாள். பதினொன்று இருபது. "பதினோரு மணிக்கு வரச் சொல்லுங்கப்பா. நல்ல நேரம்" என்றாள். அந்தக் கூட்டம் பதினொன்று இருபத்தைந்துக்குக் காரில் ஏறியது.

மூன்றாவது கூட்டம் ஆழ்வார்திருநகரியிலிருந்து. நெல் வயலும் வாழைத்தோட்டமும் உள்ள குடும்பம். சனிக்கிழமை, பதினோரு மணி. அன்று அப்பா களத்தில் நெத்திலியும் காய வைத்திருந்தார். இந்துமதி கடல் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்து, அதற்கு எதிரே மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நாற்காலி போட்டாள்.

அருணாசலவடிவு கம்பீரமாக வந்து அதில் உட்கார்ந்தார். பக்கத்தில் மகன் முத்துச்செல்வம், இஸ்திரி கலையாத சட்டையோடு. மாடியில் சங்கரபாண்டியன் தன் கம்பிகளோடு இருந்தான். கீழே என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "விருந்தாளுக வந்திருக்காக" என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

பதினொன்று இருபது ஆனது. ஜன்னல் திரைச்சீலை இன்னும் வெளியே கடல் பக்கமாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்துமதி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். சூரியன் மேல் கம்பளி போல ஒரு மேகம். தரை சூடேறினால் தார் ரோட்டுக்கு மேல் பருந்துகள் சிறகை அசைக்காமல் சுற்றிச் சுற்றி ஏறும் என்று சங்கரபாண்டியன் காட்டியிருக்கிறான். பக்கத்து உப்பளம் வெள்ளை, வெயிலைத் திருப்பி விட்டுவிடும். கறுத்த ரோடுதான் சூட்டைப் பிடித்து வைக்கும். இன்று பருந்துகள் மின்கம்பத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தன.

உள்ளே வாழைக்காய் பஜ்ஜி இரண்டாம் சுற்று போய்க்கொண்டிருந்தது.

"பொண்ணு ஏன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துக்கிட்டே இருக்கா?" என்றார் அருணாசலவடிவு.

"வெக்கம்" என்றார் ஆவுடையப்பன்.

பதினொன்று நாற்பதுக்கு மேகம் விலகியது. ஒரு பருந்து எழும்பியது. பின்னால் இன்னொன்று. இந்துமதி ஓடி வந்து கூடத்தின் ஓரத்தில் அடக்கமாக நின்றாள். கொஞ்ச நேரத்தில் திரைச்சீலை தளர்ந்து தொங்கியது. பிறகு உப்பிக்கொண்டு உள்ளே பறந்து அருணாசலவடிவின் முகத்தில் அடித்தது. பின்னாலேயே மொத்தக் களமும் வந்தது.

முத்துச்செல்வம் கைக்குட்டையை மூக்கில் வைத்தான். "எம்மா, போவமா?"

அருணாசலவடிவு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முறை இழுத்தார். நிதானமாக இன்னொரு முறை இழுத்தார்.

"நெத்திலி" என்றார். "ரெண்டாம் நாள் காய்ச்சல். அடியில சாளை கெடக்கு. சரிதானா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் அசந்துபோனார். "அச்சுப் பெசகாம சொல்லுதீகளே!"

"எங்க வீட்டுல அவுகளுக்கு இந்த வாடையே ஆவாது. அவுக ஊர்ல இல்லாத அன்னைக்கிப் பொறவாசல்ல வச்சு வறுத்துத் தின்னுட்டு, சட்டிய ஒளிச்சு வைப்பேன். முப்பது வருசமா இதான் பொழப்பு." அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இனிமே சம்பந்தி வீட்டுச் சீருன்னு வந்தா யாரு என்ன சொல்ல முடியும்? எனக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு. இப்பமே தட்ட மாத்திருவம்."

"எம்மா..." என்றான் முத்துச்செல்வம் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"நீ சும்மா இரியாம்ல."

இந்துமதி படியேறி ஓடினாள்.

மாடியில் சங்கரபாண்டியன் மடிக்கணினியைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான். "பதினொன்னு அம்பத்திரெண்டு! மேகம் மறைச்சதுல சரியா முப்பத்திரெண்டு நிமிசம் லேட்டு. பாத்தீங்களா?"

"பாத்தேன். கீழ தட்டு மாத்தப் போறாக."

"என்ன தட்டு?"

"வெத்தலத் தட்டு. வந்திருக்கது என்னையப் பொண்ணு பாக்க."

தலைக்கு மேல் காற்றுமானியின் கிண்ணங்கள் படபடவென்று சுற்றின. அவன் அசையாமல் நின்றான்.

"மூணு வருசமா அப்பாட்ட நீங்க கேட்டதெல்லாம் இங்கன வரிசையா நிக்கி" என்றாள் அவள். "கேக்காத ஒண்ணு பாக்கி இருக்கு. அத இன்னைக்கிக் கேட்டாத்தான் உண்டு."

"அண்ணாச்சி முடியாதுன்னுட்டா?"

"ஏழையும் பிடுங்கிக்கிட்டுப் போங்க. துணி காயப் போட எனக்கு எடம் கெடைக்கும்."

அவன் மடிக்கணினியை மூடினான். திறந்தான். மறுபடி மூடி அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினான். அவள் பின்னாலேயே இறங்கினாள். கூடத்தில் அருணாசலவடிவு தட்டை நீட்டியிருந்தார். ஆவுடையப்பனின் கைகள் அதைத் தொடப் போயிருந்தன.

"அண்ணாச்சி, ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும்."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். "தம்பி, நேரங்காலம் தெரியாதா? நட்டுக்கிடும், எத்தன கம்பி வேணும்னாலும் நட்டுக்கிடும். இப்பம் போவும்."

சங்கரபாண்டியன் போகவில்லை. கைக்குட்டையை எடுத்தான், கழுத்தைத் துடைக்காமல் கையிலேயே கசக்கினான்.

"கம்பி வேண்டாம் அண்ணாச்சி. கம்பி கேக்க நான் ஒருநாளும் வரல. இந்துமதிய எனக்குக் கட்டித் தருவீங்களா?"