பாஸ்வேர்டு இல்லாத கம்ப்யூட்டர்

காலை ஐந்து இருபது. காஞ்சிபுரம் பஸ் ஏழு பத்துக்கு.

பரிமளா லேப்டாப்பைத் தரையில் வைத்து அதன் முன்னால் சம்மணம் போட்டிருந்தாள். நாலடி தள்ளி மேசைமேல் புருஷன் ஆல்பர்ட்டின் கம்ப்யூட்டர். அதை ஒட்டிப் பிரிண்டர். கலெக்டருக்கு எழுதிய மனு லேப்டாப்பில் இருந்தது. நாலடி தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

லேப்டாப் ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அதிலிருந்த விண்டோஸ் செத்துப்போய், லினக்ஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். யுஎஸ்பி சொருகும் இடம் மூன்றும் போய்விட்டன. பிரிண்டர் வயரைச் சொருக வழியில்லை. பென் டிரைவுக்கும் அதே கதி.

"வாட்ஸப்புல அனுப்பு" என்றான் ஆல்பர்ட். "என் கம்ப்யூட்டர்ல எறக்கி அடிச்சித் தந்துடறேன். அஞ்சு நிமிசம்."

"அதுல எறங்கக் கூடாது."

"அடிச்சிட்டு அழிச்சிடறேன்மே."

"போன வாட்டியும் அதான் சொன்ன."



ஆல்பர்ட் பேனர் டிசைன் செய்கிறவன். பாதி வேலை பஞ்சாயத்துத் தலைவருடையது. பிறந்தநாள், காதுகுத்து, வருக வருக. தலைவரின் ஆள் தேவராஜ் எந்த நேரமும் வருவான். கதவைத் தட்ட மாட்டான். செருப்பைக் கழற்ற மாட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மவுஸைப் பிடித்து, கண்ணில் பட்டதையெல்லாம் திறந்து பார்ப்பான். காலனி வீட்டில் டீ மட்டும் குடிக்க மாட்டான். ஆல்பர்ட் ஒருமுறை பாஸ்வேர்டு வைத்தான். "எனக்கே பூட்டாடா?" என்றான் தேவராஜ். அன்றைக்கே எடுத்தாகிவிட்டது.

போன வருஷத்து மனு அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சுடுகாட்டுக்குப் போகும் தடத்தைத் தலைவரின் மச்சான் வேலி போட்டு மடக்கியதைப் பற்றி. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய மனுவைத் தேவராஜ் சனிக்கிழமையே படித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தடத்தின் மேல் டிராக்டர் ஓடியது. சர்வேயர் வந்தபோது வேர்க்கடலை நாலு இலை விட்டிருந்தது. தடம் எங்கேம்மா என்று பரிமளாவைத்தான் கேட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கிருஷ்ணசாமி செத்தார். ஏரிக்கால்வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருமுறை பாடை சாய்ந்தது. அவர் சம்சாரம் சிட்டம்மாள் இப்போது வாசற்படியில் இங்க் பேடை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த முறை வேலியை எடு என்று மட்டும் மனுவில் இல்லை. பழைய வரைபடத்தின் நகல் எந்த ஆபீசில் இருக்கிறது, தடத்தின் சர்வே நம்பர் என்ன, சாட்சி சொல்ல யார் யார் வருவார்கள் என்று எல்லாம் இருந்தது. கலெக்டர் ஆபீசில் சீல் விழும் வரைக்கும் அது தலைவர் காதுக்குப் போகக் கூடாது.

"லேப்டாப்புலருந்தே நேரா பிரிண்டருக்குப் போகணும்" என்றாள். "உன் கம்ப்யூட்டரு நடுவுல வழி வுட்டாப் போதும். கையில வாங்கி வெச்சிக்க வேணாம்."

லேப்டாப்பையும் கம்ப்யூட்டரையும் ஆல்பர்ட்டின் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தாள். பிரிண்டரை ஷேர் செய்தாள். லேப்டாப்பில் தேடினாள். ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை லேப்டாப்புக்குத் தெரியவே இல்லை.

எழுந்துபோய் அவன் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸைத் திறந்தாள். ஹாட்ஸ்பாட்டை அது பொது இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதுபோல முகத்தை மூடிக்கொண்டிருந்தது. இது வீடு என்று மாற்றினாள். திரும்பி வந்து தேடினாள். கம்ப்யூட்டரின் பெயர் வந்தது. அதற்குள் பிரிண்டரும் வந்தது.

"வந்திடுச்சா பாப்பா?" என்றாள் சிட்டம்மாள்.

"வாசல் வரைக்கும் வந்துகீது அத்தே."

பெயர் கேட்டது. ஆல்பர்ட் என்று அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது. இல்லாததை எப்படி அடிப்பது? காலியாக விட்டாள். மாட்டேன் என்றது. இன்னொரு முறை. மாட்டேன் என்றது.

போனில் தேடிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். ஆறு மணி ஆகியிருந்தது.

"இன்னாவாம்?"

"பாஸ்வேர்டு இல்லாத ஆளு பேர்ல இன்னொரு மிஷின்லருந்து உள்ள வர முடியாதாம். எதுர்ல குந்திக்கினா யாரு வேணா தொறக்கலாம். தள்ளியிருந்து வந்தா வுடாது."

ஆல்பர்ட் திரையைப் பார்த்தான். "கேக்காமலே வுட்ற மாதிரி பண்ண முடியாதா?"

"முடியும். கதவையே கழட்டி வெச்சிடலாம்."

"நக்கலு பண்ணாத."

"பாஸ்வேர்டு வையி."

"காலையில காதுகுத்து பேனரு வாங்க வர்றாம்மே அவன். வந்து குந்துவான். கேக்கும். நான் இன்னான்னு சொல்றது?"

"பூட்டிகீதுன்னு சொல்லு."

"சொல்லிட்டு? பேனருக்கு உத்திரமேரூர்ல ஆளே இல்லன்னு நெனச்சிக்கினு கீறியா?"

பரிமளா குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு வருசமா உன் நாக்காலியில அவன் செருப்புக் காலோட குந்திகிறான். நான் பெருக்கறேன். இது யாரு வூடு?"

படியிலிருந்து சிட்டம்மாள் திரும்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். "தம்பி, அன்னிக்குத் தலமாட்டுல நீதான புடிச்சிக்கினு இருந்த. சாஞ்சப்ப அவரு மூஞ்சில தண்ணி பட்டுது. நீதான் தொடச்ச."

ஆல்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தான். அடித்தான். இன்னொரு தடவை அடித்தான். திரும்பாமலே சொன்னான்.

"சர்வே நம்பரு. கோடு, எழுத்து எல்லாம் சேத்து."

பரிமளா லேப்டாப்பில் அதையே அடித்தாள். கதவு திறந்தது.

பிரிண்டர் உறுமியது. முதல் தாள் வந்தது. மேலே ஒரு வரி. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை; கட்டமும் கொக்கியும். அடுத்த தாளிலும் ஒரு வரி. அடுத்ததிலும்.

"நிறுத்துமே! தாளு போவுது!"

ட்ரேயைப் பிடுங்கி எடுத்தாள். "பயப்படாத. லேப்டாப்பு பேசறது பிரிண்டருக்குப் புரியல."

லேப்டாப் காட்டிய பட்டியலில் இந்தப் பிரிண்டரின் மாடல் இல்லை. கிட்டத்தட்ட இருந்ததைப் போட்டிருந்தாள். இப்போது அதற்கு அடுத்ததைப் போட்டாள். எண்ணி ஒரு தாள் மட்டும் வைத்தாள். மூன்று பேரும் தாள் வரும் ஓட்டையையே பார்த்தார்கள்.

அனுப்புநர் என்ற சொல் முதலில் வந்தது.

சிட்டம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். "சூடா கீது" என்றாள்.

மூன்று பிரதி. அடித்து முடிக்கும்போது ஆறு இருபத்தைந்து. சிட்டம்மாள் தெருமுனைக்குப் போய் ஒரு குரல் கொடுத்தாள். ஆட்கள் முன்பே தயாராக இருந்தார்கள். மோட்டார் கொட்டகைச் சுவர்மேல் அட்டையை வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். போடத் தெரியாதவர்கள் கட்டைவிரலை உருட்டினார்கள். சிட்டம்மாள் இரண்டு தடவை உருட்டினாள். ஒண்ணு போதும் அத்தே என்றாள் பரிமளா. அது அவருக்கு என்றாள் சிட்டம்மாள்.

கடைசி ஆள் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தேவராஜின் பைக் வந்தது. ஆல்பர்ட் வீட்டுக்குள்ளிருந்து அதைப் பார்த்தான். நாற்காலியிலிருந்து எழுந்தான். எழும்போது கீபோர்டில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான். திரையில் இருந்த காதுகுத்துப் பேனர் மறைந்தது; கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது.

"இன்னா காலங்காத்தால கூட்டம்?" என்றான் தேவராஜ்.

"விரல்ல மை வெச்சிக்கினு கீறோம்" என்றாள் சிட்டம்மாள்.

"எலெக்சனா நடக்குது?"

"உங்க தலைவரு வூட்டுல கேட்டுப் பாரு. நேத்து வரிக்கும் எங்களுக்கு முன்னாடி உங்களுக்குத்தான தெரியும்."

தேவராஜ் சிரித்துப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பரிமளா தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்தாள். அவன் பையைப் பார்த்தான். பிறகு விடுவிடுவென்று வீட்டுக்குள் போனான். செருப்புத் தடம் வாசலிலிருந்து மேசை வரை விழுந்தது. நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான். மவுஸை ஆட்டினான்.

பரிமளா படியிலேயே நின்றாள். பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது. ஆனாலும் நின்றாள்.

தேவராஜ் எதையோ தட்டினான். மறுபடியும் தட்டினான். ஆல்பர்ட் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் அப்படிக் கைகட்டி நின்று பரிமளா பலமுறை பார்த்திருக்கிறாள். தலை நிமிர்ந்திருந்ததை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"டேய் ஆல்பர்ட்டு" என்றான் தேவராஜ். "பாஸ்வேர்டு கேக்குதுடா. இன்னா போட்டுகிற, சொல்லு?"