ரேகை விழாத விரல்கள்

குளிர்காலம் முழுக்கப் பால் கறந்து, ஐஸாய்க் குளிர்ந்த தண்ணீரில் கேன்களைக் கழுவிக் கழுவி அக்ரிப்பினாவின் கைகள் மரப்பட்டைபோல் வெடித்துக் கிடந்தன. மால்டோவா நாட்டின் அந்தக் கிராமத்தில் அதற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. இத்தாலிக்கு வேலைக்குப் போன மகள் வியோரிகா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள் என்று போன் வந்ததும் அக்ரிப்பினா பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஓடினாள்.

"ரேகையே விழலம்மா. கை ஆறினப்புறம் வாங்க," என்றான் குமாஸ்தா.

பக்கத்து வீட்டு ஸினோவியா, அக்ரிப்பினாவின் மாடுகளைத் தன் தொழுவத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். "இந்த வாரம் தண்ணில கை வச்சே, நானே ஒடிச்சுடுவேன்டி," என்று மிரட்டி, வாத்துக் கொழுப்பைத் தடவி, இரண்டு கைகளிலும் கம்பளிக் காலுறைகளை மாட்டிவிட்டாள். மக்காச்சோளக் களியையும் அவளே ஊட்டினாள். சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஏழு நாளும் அக்ரிப்பினாவுக்கு நரகமாக இருந்தது.

எட்டாம் நாள் ரேகை விழுந்தது. "இளவரசி கை மாதிரி ஆயிருச்சே!" என்று குமாஸ்தா சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பாஸ்போர்ட் வருவதற்கு முந்தின நாள் வியோரிகா போய்விட்டாள்.

"இனிமே எதுக்குடி போறே? பெட்டியில அனுப்பிடுவாங்களே," என்றாள் ஸினோவியா.

"எம்பொண்ணுக்கு யாரோ தலை சீவிவிடணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் இத்தாலிக்குப் பஸ் ஏறினாள்.

மூன்றாம் நாள், பிணவறையில், மகளின் நீளமான கூந்தலைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். வெடிப்பு ஆறிய அவள் விரல்களில் ஒரு முடிகூட மாட்டவில்லை.