பெயின்ட் ஒட்டாத இடம்

மூன்றாவது லோடும் திரும்பி வந்தால் கதை முடிந்தது. அதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக சித்தார்த்தன் ஃபோனில் சொன்னான்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமை வர்ற நாப்பது பீஸும் க்ளீனா இருக்கணும். இல்லன்னா வேற ஆள பாத்துக்குறேன்னுட்டாரு மேனேஜர்.”

கிளியனூர் பக்கம் மின்சார ஸ்கூட்டர் செய்கிற கம்பெனியில் சரக்கைச் சோதித்து வாங்குகிறவன் சித்தார்த்தன். ஸ்கூட்டரின் முன்பக்கத்து பிளாஸ்டிக் பேனல்கள் அச்சில் வார்த்து, வெளுத்த நிறத்தில் மரக்காணத்துக்கு வரும். உப்பளத்தை ஒட்டி, வீட்டுக்குப் பக்கத்தில் போட்ட தகரக் கொட்டகையில் அமிர்தராஜ் அவற்றைத் துடைத்து நீலம் அடித்து அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். ஒரகடத்தில் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இங்கே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தும் வரவில்லை.

குழி. அடித்த பெயின்டில் கடுகு அளவில் குட்டிக் குட்டிக் குழிகள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகிக்கொள்ளும். முதல் லோடில் ஐந்தாறு பேனலில் இருந்தது. இரண்டாவதில் பாதிக்கு மேல். கம்ப்ரசர் எண்ணெய் கக்குகிறதோ என்று அக்கக்காகப் பிரித்து மாட்டினான். காற்று ஃபில்டரை மாற்றினான். தின்னர் விற்ற கடைக்காரரோடு தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டான். கடல் காற்றில் உப்புத் தூள் வருகிறதென்று கிழக்குப் பக்கம் முழுக்கத் தார்ப்பாய் கட்டி, உள்ளே புழுக்கத்தில் வெந்தான். உப்பால் இந்த மாதிரிக் குழி விழாது என்று அவனுக்கே தெரியும். ஆனால் ஆத்திரத்தில் இருக்கிறவனுக்குத் திட்ட ஏதாவது வேண்டுமே.

கடைசியில் அது பாஞ்சாலை தலையில் விடிந்தது. அவள் விடியற்காலையில் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு, பத்து மணிக்குக் கொட்டகைக்கு வந்து பேனல்களை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பாள். உப்புத் தண்ணீர் தின்ற கை, அங்கங்கே பிளந்து கிடக்கும். அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள். முதல் லோடு திரும்பி வந்த அன்றே அதைக் கண்டுபிடித்துக் கத்தினான். “சரி தம்பி, இனிமே தடவல” என்றாள். இரண்டாவது லோடும் வந்ததும், “தடவலன்னு பொய் சொல்றீங்களாக்கா? போதும், நாளையிலேருந்து வர வேணாம்” என்று அனுப்பிவிட்டான். அவள் ஒருமுறை அவன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அவன் தானே துடைக்க உட்கார்ந்தான். கை படுவது விளிம்பில்தானே என்று விளிம்பையெல்லாம் அழுத்தித் துடைத்தான். நடுவில் சும்மா ஒரு இழுப்பு. முதல் பேனலை மாட்டி ஸ்பிரே கன்னை எடுத்து நீலத்தை அடித்தான். அழகாகப் படிந்தது. மூச்சு விடலாம் என்று பார்த்தால், நடுவில் பெயின்ட் மெல்ல விலக ஆரம்பித்தது. குழி குழியாகச் சேர்ந்து மேலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு குறுக்கே ஒரு கோடு.

சிலுவை.

அடுத்ததை அடித்தான். அதிலும் சிலுவை. மூன்றாவதிலும். கன்னைக் கீழே வைத்துவிட்டு, அடிக்காத பேனல் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். நடுவில் கட்டைவிரல் இழுத்த தடம். மோந்து பார்த்தான். மல்லிகை வாசனை. அந்த வாசனை அவனுக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் ஒரகடம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் மனைவி ஞானமேரி அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிய மந்திரித்த எண்ணெய்.

வீட்டுக்குள் போனான்.

“மேரி, பேனல்ல எண்ணெய் வச்சியா?”

அவள் முகம் மலர்ந்தது. “ஆமாங்க. பூசை முடிஞ்சு வந்ததும் ஒவ்வொண்ணுக்கும் வைப்பேன். மொத லோடு திரும்பி வந்ததுலேருந்து ரெண்டு ரெண்டு தடவையா வைக்கிறேன். இன்னிக்கு நாப்பதுக்கும் தனித்தனியா ஜெபம் சொல்லி வச்சேங்க.”

மூன்று வாரமாகச் சேர்த்து வைத்த கெட்ட வார்த்தையெல்லாம் அவன் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

“எண்ணெய் பட்டா பெயின்ட் ஒட்டாது, மேரி.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இது நிக்கலன்னா திரும்ப ஒரகடம் போயிடுவீங்களேன்னு பயந்துதாங்க வச்சேன். அப்ப கெடுத்தது நான்தானா?”

“நீ இல்ல. எண்ணெய்” என்றான். கோபம் போகவில்லை. ஆனால் அதை இறக்கி வைக்க இனி ஊரில் யாரும் மிச்சமில்லை. அப்போதுதான் பாஞ்சாலை ஞாபகம் வந்து அவனுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

உப்பளத்து வரப்பில் வேகமாக நடந்தான். பாஞ்சாலை பாத்தியில் நீளக் காம்பு வைத்த பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் பலகையை நிறுத்தவில்லை.

“அக்கா, எண்ணெய் உங்க கையிலேருந்து வர்ல.”

“தெரியும் தம்பி. மொத நாளே தெரியும். தொடைக்கும்போது வழவழன்னு வரும், மல்லிப்பூ வாசன வரும். என் தேங்காயெண்ணெய்க்கு ஏது அந்த வாசன? ரெண்டு மூணு தடவ அழுத்தித் தொடைப்பேன். முழுசா போவாது.”

“அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்லக்கா!” பழக்கதோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் பலகையை ஊன்றி நிமிர்ந்தாள். “இன்னான்னு சொல்றது? அந்தப் பொண்ணு சாமி கும்பிட்டு வைக்குது. அத தொடச்சி எடுக்குறதே எனக்கு மனசு கேக்கல. இதுல உங்ககிட்ட வேற வந்து காட்டிக் குடுக்கணுமா?”

பலகையைப் பிடித்திருந்த கை அவன் கண்ணில் பட்டது. மூன்று வாரமாக எண்ணெய் காணாத கை. வெடிப்புகளுக்குள் உப்பு வெள்ளையாக உறைந்து, கட்டைவிரல் அடியில் ரத்தம் கசிந்திருந்தது. பொய் சொல்கிறாய் என்று அவன் கத்தியது இந்தக் கையைப் பார்த்துத்தான்.

“கிளவுஸ் வாங்கியாறேன்க்கா. எண்ணெய் தடவிக்கினு மேல போட்டுக்கலாம்.”

ஒரகடத்தில் தினம் காலையில் அவனுக்குப் புது ஜோடி கொடுப்பார்கள். இங்கே அது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

“அந்த மாதிரி ஒண்ணு விக்கிறாங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா தம்பி?” என்றாள்.

நாளைக்குள் நாற்பதும் போக வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

“இந்தப் பாத்திய முடிக்காம வர முடியாது. பத்து மணிக்கு வர்றேன், எப்பவும் போல.” மறுபடி குனிந்தவள் ஏதோ நினைத்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். “அந்தப் பொண்ண சிலுவ போடாதன்னு சொல்லிப்புடாதீங்க. உள்பக்கமா போடச் சொல்லுங்க. அங்கதான் பெயின்ட் அடிக்கறதில்லையே.”

பத்து மணிக்கு வந்தாள். வாசலிலேயே ஞானமேரி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, மல்லிகை வாசனை எண்ணெயை வெடிப்பெல்லாம் நிறையத் தடவி, கையுறையை மாட்டிவிட்டாள். பாஞ்சாலை வலியில் முகத்தைச் சுளித்தாளே தவிர, கையை இழுத்துக்கொள்ளவில்லை. துணி துணியாக மாற்றி நாற்பதையும் நடுவிலிருந்து விளிம்பு வரை துடைத்தார்கள். கெட்டுப்போன மூன்றை அமிர்தராஜ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தார்த்தன் ஃபோன் செய்தான். அமிர்தராஜ் எடுப்பதற்குள் மூன்று முறை அடித்தது.

“அண்ணா, நாப்பதும் ஓகே. ஒரு குழி இல்ல. ஆனா பாருங்க, எல்லா பீஸ்லயும் உள்பக்கம் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி இருக்குதுண்ணா. வெளிய தெரியாது, பரவால்ல. பசங்களை விட்டுத் தொடச்சிடட்டுமா?”

ஞானமேரி கதவைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம் தம்பி” என்றான் அமிர்தராஜ். “அத மட்டும் தொடைக்காதீங்க.”